வண்டி நிற்கும் இடத்தில்தான் வியாபாரம்: தனுஷ்கோடியில் ஒரு பகல்

ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இப்போதுதான் அந்தப் பக்கம் போக வாய்த்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் ரயில்கள் மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ சரி. அப்புறம் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் தீவுக்குள் போக வேண்டும்.

ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஆட்டோக்காரரிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு வருசத்துக்கு மேல மண்டபத்துக்காரங்களுக்குத்தாண்ணே யோகம். நாங்க பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்குமா ஓட்டிக்கிட்டிருந்தோம். இங்க டீக்கடையே ரெண்டு மூணு மூடிட்டாங்க" என்றார். ரயில் நிற்கும் இடம் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனதில் ஒரு ஊரின் டீக்கடை வரும்படி இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. ரயில்வேயின் கணக்குப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருக்காது.

எனக்குக் கோயில் பிராகாரத்தைவிடக் கோயில் வாசல் கடைகளைப் பார்ப்பதில்தான் ருசி. கூட வருகிறவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. இந்தத் தடவை தனுஷ்கோடிச் சாலை திறந்த பிறகு அங்கிருக்கிறவர்களின் பிழைப்பு என்ன ஆனது என்று பார்ப்பதுதான் உத்தேசம்.

சாலை வருவதற்கு முன்பு ஒரு முறை போயிருக்கிறேன். பஸ் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அங்கே மினி வேன்களும் ஜீப்புகளும் வரிசையாகக் காத்திருக்கும். ஆள் சேர்ந்ததும் கிளம்பி, முந்திய வண்டியின் டயர்த் தடத்தைப் பிடித்துக்கொண்டு மணலிலும் முட்டளவு தண்ணீரிலும் ஆடி ஆடிப் போவார்கள். தலை கூரையில் இடிக்காமல் போய்ச் சேர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. 1964 புயலில் இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, இத்தனை மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று டிரைவர் சொல்லிவிடுவார். அதற்குள் ஓடி ஓடிப் படம் எடுக்கவே நேரம் சரியாக இருக்கும். பாசி மாலையும் சிப்பியும் விற்கும் குழந்தைகள் பின்னாலேயே வருவார்கள். உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் நேரம் கிடையாது.

2017 ஜூலை 27 அன்று பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் திறக்கப் பிரதமர் வந்தபோது இந்தச் சாலையையும் சேர்த்தே திறந்துவைத்தார். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி வரை 5 கிலோமீட்டர், அங்கிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை 4.5 கிலோமீட்டர். மொத்தமே ஒன்பதரை கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு கடலுக்கு நடுவே, கடல் நினைத்தால் மூடிவிடும் மணல் திட்டின்மேல் போட்டது. ஓரங்களில் கம்பி வலைக்குள் கல்லை அடுக்கி அணை கட்டியிருக்கிறார்கள். காற்று காலத்தில் மணல் ஏறி சாலையின் ஓரம் எது என்றே தெரியாமல் போகும். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். நான் போன அன்று ஆண்கடல் கரையை அடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் பெண்கடல் அலையே இல்லாமல் கிடந்தது.

டவுன் பஸ்ஸில்தான் போனேன். சர்ச் ஸ்டாப்பில் இறங்கினேன்.

சர்ச்சைச் சுற்றி இப்போது கீற்றுக் கொட்டகைகளும் தார்ப்பாய்க் கடைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. சங்கு, சிப்பி, முத்து மாலை, தொப்பி, வெட்டிய மாங்காய், நுங்கு, அப்புறம் மீன். ஒரு மீன் கடையில் உட்கார்ந்தேன். கடையை நடத்துவது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. முன்னால் தட்டில் மசாலா தடவிய மீன்கள்: பாறை, ஊளி, நகரை, கொஞ்சம் கணவா. கையால் காட்டினால் அதை எடுத்து அகலமான கல்லில் போடுகிறார். விறகடுப்பு. காற்று சர்ச் பக்கமிருந்து வீசுவதால் அடுப்புக்கு மூன்று பக்கமும் தகரம் மறைத்திருக்கிறது. எண்ணெயைச் சிக்கனமாகவே ஊற்றுகிறார். மீனை ஒரு பக்கம் முறுக விட்டு, தோசைத் திருப்பியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்த பிறகுதான் திருப்புகிறார். ஒரு வாழை இலைத் துண்டு, வெங்காயம், அரை எலுமிச்சம்பழம். வேறு எதுவும் கிடையாது, தேவையும் இல்லை.

அவர் வீட்டுக்காரர் கரைவலை இழுக்கப் போகிறவர். முன்பெல்லாம் விழுந்த மீன் மொத்தமும் வியாபாரிக்குத்தான். வலைக்கும் வீட்டுச் செலவுக்கும் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கியவரிடமே மீனைப் போட வேண்டும், விலையை அவர்தான் சொல்வார். "இப்ப நல்ல மீனா நாலு கிலோவ ஒதுக்கி நான் எடுத்துக்குவேன் தம்பி. மிச்சத்தை வியாபாரிக்குப் போடுவாங்க. அவர் ஒரு கிலோவுக்குக் குடுக்கிற காச, நான் ரெண்டு மீனுல பாத்துருவேன்" என்றார். மசாலா, எண்ணெய், விறகு, ஐஸ் எல்லாம் போக அவருக்கு எவ்வளவு நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இதைத்தான் நான் அங்கே ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மீன் முன்பும் இருந்தது, சமைக்கத் தெரிந்த பெண்களும் இருந்தார்கள். வாங்குகிறவர் வந்து உட்கார வழிதான் இல்லை. சாலை அந்த ஆளைக் கொண்டுவந்து கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தது. சுற்றுலாவுக்கு என்று போட்ட சாலை, முன்பணம் கொடுத்த வியாபாரியின் பிடியைக் கொஞ்சமாவது தளர்த்தியிருக்கிறது. திட்ட அறிக்கை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சாலையிலேயே எதிர்த்திசையிலும் பலது வருகிறது. அரிசி, காய்கறி, கேஸ் சிலிண்டர், ஐஸ் எல்லாம் ராமேஸ்வரத்திலிருந்து வர வேண்டியவை. ஐஸை அக்கா தெர்மோகோல் பெட்டியில் வைத்திருந்தார். முன்பு மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சத்திரம் வரை மணலில் நடப்பார்களாம். ஊரில் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அதற்கு மேல் படிக்க ராமேஸ்வரம்தான் போக வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் இந்த பஸ்தான். குடிதண்ணீர் மட்டும் பழையபடி ஊற்றில். மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது, அதை அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, தண்ணீர் துளிகூட உப்புக் கரிக்கவில்லை.

சாலையால் கெட்டவர்களும் உண்டு. சத்திரத்திலிருந்து வேன் ஓட்டியவர்களின் தொழில் திறப்பு விழாவன்றே முடிந்தது. அவர்களில் ஒருவர் இப்போது ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார், திரும்பும்போது சிக்கினார். "மணல்ல ஓட்டுறதுக்கு ஒரு தெறம வேணும்ணே. எந்த எடத்துல பொதையும்னு எங்களுக்குத்தான் தெரியும். ரோட்டுல எவன் வேணாலும் ஓட்டலாமே" என்றார். கோபமெல்லாம் இல்லை. ஆட்டோவில் நாள் முழுக்க சவாரி கிடைக்கிறது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் ஒரு சாலை போடும்போது, அது இல்லாததால் பிழைத்தவர்களுக்கு என்ன மாற்று என்றும் யாராவது யோசித்திருக்கலாம்.

அரிச்சல்முனைக்கு அடுத்த பஸ்ஸில் போனேன். சாலை ஒரு வட்டமாக முடிகிறது, நடுவில் அசோகத் தூண். பஸ் வட்டமடித்துச் சில நிமிடம் நின்று கிளம்பிவிடும். கார்களும் வேன்களும் அப்படித்தான். வருகிறவர்கள் தூணோடு ஒரு படம், கடலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, செல்போனில் இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். இங்கே கூட்டம் சர்ச்சைவிட அதிகம்தான். ஆனால் ஓடுவது சுண்டலும் வெட்டிய மாங்காயும் தண்ணீர் பாட்டிலும்தான், நின்றபடி வாங்கிக்கொண்டு போகிற சரக்கு. சர்ச்சில் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில்தான் மீன் வறுபடுகிறது. இரண்டுக்கும் நடுவே சாலையோரத்தில் தனியாகக் கடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் நின்ற நேரம் முழுக்க ஒரு வண்டிகூட நிற்கவில்லை. சாலை எல்லாருக்கும் பொதுதான். பஸ் ஸ்டாப்பும் பார்க்கிங்கும் எங்கே வருகிறதோ அங்கேதான் காசு.

மீன் கடை அக்கா இதையே இன்னும் நறுக்காகச் சொன்னார். "பொம்பளைங்க ஒதுங்க நல்ல எடம் இருந்தா இன்னும் ஒரு மணி நேரம் நிப்பாங்க. இல்லாததால, தண்ணிகூட குடிக்காம வண்டியில ஏறுவோம்ங்கிறாங்க." கோடிக்கணக்கில் கொட்டிச் சாலை போட்ட இடத்தில், நாலு கழிவறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் மீன் விற்காமல் போகிறது. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள்.

அவருக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. கொட்டகை நிற்கும் நிலத்துக்குப் பட்டா கிடையாது. அதனால் பேங்கில் கடன் கேட்க முடியாது, மகளிர் குழுவில் வாங்கித்தான் பெஞ்சும் பாத்திரமும் போட்டிருக்கிறார். நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் கீற்றைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான (ஃபிளமிங்கோ பறவைகள்) சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. குளிர்காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள் கூடுவார்கள், அது நல்லதுதான். அந்தக் கூட்டத்துக்கு மீன் வறுக்க இவர்களை விடுவார்களா என்பதுதான் அக்காவின் கேள்வி.

இந்த ஊரே ஒரு காலத்தில் அரசு போட்ட பணத்தில் முளைத்ததுதான். 1914இல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. சென்னையிலிருந்து போட் மெயில் என்ற ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். ரயிலிலிருந்து கப்பலுக்கு மாறுகிற அந்த இடைவெளியில் சுங்க அலுவலகமும் தபால் ஆபீஸும் சத்திரமும் கடைகளும் உண்டாயின. 1964 டிசம்பர் 22 இரவு புயல், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலோடு சேர்த்து எல்லாவற்றையும் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்து, ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் விட்டார்கள். தனுஷ்கோடிக்கான பாதையை விட்டுவிட்டார்கள். ஊரை வசிக்கத் தகாத இடம் என்றும் அறிவித்தார்கள். ராமேஸ்வரம் பிழைத்து வளர்ந்தது, 1988இல் சாலைப் பாலமும் வந்து, மீனை லாரியில் ஐஸ் போட்டு அனுப்பவும் வழி பிறந்தது. அதே தீவின் இந்த முனை அரை நூற்றாண்டுக்கு மேல் சாலைகூட இல்லாமல் கிடந்தது. மீனவர்கள் மட்டும் திரும்பி வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஆட்டோ பேக்கேஜில் போனால் டிரைவர் அவசரப்படுத்துவார். டவுன் பஸ்ஸில் போனால் ஒரு பஸ்ஸை விட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். சிக்னல் வந்து வந்து போகும், ஜிபேயை நம்பாமல் சில்லறை கொண்டுபோங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். பள்ளி விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் என்பதால் விலை ஏறியிருக்கும். எந்த மாதமானாலும், கல்லில் போடுவதற்கு முன்பே மீனின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.