காத்திருக்கும் இரவுகளில் கூடிய எடை

முதல் தடவை மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைத்தேன். அடுத்த நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ திரும்பி வந்தது. குறைந்தபோது பட்ட சந்தோஷத்தைவிட, கூடியபோது பட்ட அவமானம்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். நான் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பேன். 2021இல் என் எடை 80 கிலோ, உயரம் 154 செ.மீ. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் 6.2 வந்தது. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்றார்கள். அம்மாவுக்கு அந்த நோயில் கால் விரல் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பயந்துபோய் ஒருவரிடம் காசு கொடுத்து உணவுப் பட்டியல் வாங்கினேன். ஓட்ஸ், ஆப்பிள், பனீர். சோறு அறவே கூடாது.

எல்லோருக்கும் மீன் குழம்பு கொதிக்கும்போது நான் மட்டும் ஓட்ஸ் கிண்டிக் குடித்தேன். ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கும். வீட்டில் வருமானம் இல்லை. ஆப்பிளுக்கும் பனீருக்கும் எங்கே போவது? மறுபடி சோற்றுப் பானைக்கே வந்தேன், பழைய பசியோடு அல்ல, அதைவிடப் பெரிய பசியோடு.

அதன் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “நீங்கள் எந்த நேரத்தில் அதிகம் சாப்பிடுகிறீர்கள் அக்கா?” அதுவரை என்ன சாப்பிடுகிறேன் என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள் படகு போகும். விடிந்த பிறகுதான் திரும்பும். அந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வராது. காற்று கூடினால் பயம். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டதோ என்று பயம். மடியில் காராச்சேவுப் பொட்டலம், பக்கத்தில் கருப்பட்டிக் காப்பி. ஒரு மணிக்கு மிச்சச் சோற்றில் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவேன். அது பசியே இல்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்றும் அந்தச் செவிலியர் சொன்னார். எனக்கு அது அப்படியே பொருந்தியது.

இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்கு மாற்றினேன். மாமியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சச் சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். பத்து மணிக்கு என் மதினிக்குப் போன் போடுவேன்; அவள் கணவரும் கடலில்தான் இருப்பார். இருவரும் பேசிப் பேசியே படுத்துவிடுவோம். காராச்சேவு வாங்குவதையே நிறுத்தினோம். வீட்டில் இருந்தால் என்னால் விட முடியாது; அதை ஒத்துக்கொள்ளவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

சோற்றை விடவில்லை. மதியம் நான்கு கரண்டி போட்ட இடத்தில் இரண்டு. அதற்குப் பதில் மீன் துண்டு கூடுதல், கீரை ஒரு கிண்ணம். சூடை மீனும் நகரை மீனும் எங்களுக்கு ஆப்பிளைவிட மலிவு, வயிறும் நெடுநேரம் தாங்குகிறது. பொரிக்காமல் குழம்பாகவும் அவியலாகவும் வைத்தேன். எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதினேன். நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது இரண்டு லிட்டர்.

கருப்பட்டியில்தான் வீட்டில் சண்டை வந்தது. “நம் ஊர்ப் பனையில் வருவது, அது என்ன செய்துவிடும் தாயி?” என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் எடை விஷயத்தில் கருப்பட்டிக்கும் சீனிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் கிட்டத்தட்ட 50 கிராம் இனிப்பு, 200 கலோரி. இப்போது காலையில் ஒரு காப்பி மட்டும், கருப்பட்டி போட்டு, ரசித்துக் குடிக்கிறேன்.

மாலையில் அரை மணி நேரம் நடை, வாரத்தில் ஐந்து நாள். முதலில் கடற்கரை மணலில் நடந்து முழங்கால் வலி வந்தது. தார்ச் சாலைக்கு மாறினேன்.

73 கிலோவில் மூன்று மாதம் முள் நகரவில்லை. அழுதிருக்கிறேன். உடம்பு சிறிதானால் அதற்கு வேண்டிய சாப்பாடும் குறையும், அதனால் வேகம் தணிவது இயல்புதான் என்று செவிலியர் விளக்கினார். இடுப்பை அளந்து பார்க்கச் சொன்னார். டேப் வீட்டில் இல்லை. ஆனால் பாவாடை நாடா முடிச்சுக்கு வெளியே முன்பு நான்கு விரல் அளவு தொங்கும். அன்று ஒரு சாணுக்குமேல் தொங்கியது. அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

ஊர் வாய் வேறு. “நோய்க்காரி மாதிரி ஆகிவிட்டாயே” என்று திருவிழாவில் கேட்டவர்கள் பலர். அந்த வார்த்தைக்காகவே முதல் தடவை இரண்டாவது தட்டுப் பிரியாணி சாப்பிட்டவள் நான். இப்போது “சர்க்கரை இறங்கிவிட்டது சித்தி” என்று மட்டும் சொல்கிறேன். யாரும் மேலே கேட்பதில்லை.

69 வரை இறங்கி, இரண்டு வருடமாக 70ஐ ஒட்டி நிற்கிறேன். கடைசிச் சர்க்கரைப் பரிசோதனையில் 5.6. கல்யாண வீடுகள் வந்த மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது. அடுத்த வேளையே இரண்டு கரண்டிச் சோற்றுக்குத் திரும்பினேன், பட்டினி கிடக்கவில்லை.

எனக்கு ஆபத்தான காலம் தடைக்காலம்தான். மீன் விலை ஏறிவிடும், கணவர் வீட்டில் இருப்பார், நாலு மணிக்கு வடை வரும். அதனால் இந்த ஆண்டு பங்குனியிலேயே மூன்று கிலோ பாசிப்பயறும் இரண்டு கிலோ கொண்டைக்கடலையும் வாங்கி டப்பாவில் போட்டுவிட்டேன். நாட்டுப்படகில் மீன் வந்தால் ஒரு கூறு எடுத்துவைக்கும்படி பக்கத்துத் தெரு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நாலு மணிக்கு என்னோடு நடக்க வருவதாகக் கணவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.