பித்தளைக்குக் களிம்பு ஏற்றிய கதை

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைப் பருவம் ஒன்று உண்டு. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் துப்பாக்கிகளுக்கென்றே 1974-இல் தொடங்கப்பட்ட பருவம் அது. பணி ஓய்வு பெற்ற எங்கள் அண்டை வீட்டுக்காரர் அதற்காகவே, 18ஆம் நூற்றாண்டில் அதே மாநிலத்தின் லங்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீண்ட துப்பாக்கியின் புது நகல் ஒன்றை வாங்கியிருந்தார். கட்டையின் அடித்தகடு, விசையைச் சுற்றிய வளையம், எண்ணெய்த் துணி வைக்கும் சிறு பெட்டியின் மூடி என்று அதில் எங்கு பார்த்தாலும் பித்தளை. அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பளபளப்புதான் அவருடைய கவலை. வெயில் பட்டு மின்னினால் மான் ஓடிவிடும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அணிந்திருந்தது, அடுத்த தெருவிலிருந்தும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலங்கி. மானின் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் இரண்டு வகைதாம் என்பதால் ஆரஞ்சு அதற்கு மங்கலாகவே தெரியும், ஆனால் அசையும் ஒளித்தெறிப்பு தப்பாது என்று அவரே விளக்கியபோதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது.

அவர் பித்தளை உறுப்புகளைக் கழற்றி, ஒரு வாளிக்குள் தொங்கவிட்டு, அடியில் ஒரு கிண்ணம் அம்மோனியாவை வைத்து மூடினார். அந்த ஆவி பட்டால் பித்தளை பழுப்பேறும் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் திறந்தபோது மூக்கு எரிந்ததே தவிர, பித்தளை கல்யாணப் பெண்போல் மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை நாற்பது ஆண்டுகளாகப் புளி போட்டுத் துலக்கி வருபவர். பித்தளையைக் கறுக்க வைக்க ஒருவர் பாடுபடுகிறார் என்பதை நான் சொன்னபோது, அவர் முதலில் என் மொழிபெயர்ப்பைச் சந்தேகித்தார். பிறகு அந்த மனிதரையே சந்தேகித்தார். ஆயினும் அறுபது வயதைத் தாண்டிய அவரைத் “தம்பி” என்றே குறிப்பிட்டு, அடித்தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “மேலே பூச்சு இருக்கிறது. கடையில் வாங்குகிற புது விளக்கிலும் இப்படித்தான் பூசியிருப்பான். அது போகாமல் களிம்பு எப்படி ஏறும்?” என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் களிம்போடு சண்டை போட்டவருக்குத்தானே அதன் வழிவகைகள் தெரியும்! அசிட்டோனால் துடைத்ததும் பூச்சு கரைந்தது. மறுபடியும் வாளிக்குள் வைத்து எடுத்தபோது பித்தளை பழைய கோயில் மணியின் நிறத்துக்கு வந்திருந்தது.

என் பங்குக்கு நான் ஓர் எச்சரிக்கையை வழங்கினேன். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் கண்டதற்கு, குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம். இழுத்து வடிவமைத்த பித்தளைக்குள் தங்கியிருக்கும் இறுக்கத்தை அது விரிசலாக்கிவிடும். வார்த்தெடுத்த வளையத்துக்கு அச்சம் குறைவென்றாலும், மெல்லிய தகட்டாலான மூடியைச் சீக்கிரம் எடுத்துக் கழுவிவிடுவது நல்லது என்றேன். இருவருமே என்னைப் பொருட்படுத்தவில்லை.

இதையெல்லாம் பார்த்த அவருடைய வேட்டை நண்பர், பூச்சை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதும், கருமருந்தின் கந்தகப் புகையும் கை வியர்வையும் ஒரே பருவத்தில் பித்தளையைக் கறுக்க வைத்துவிடும் என்றார். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. துலக்காமல் போட்டு வைப்பதையும் ஒரு வேலையாகச் சொல்வார்களா என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வேட்டையின் முதல் நாள் காலையிலேயே ஒரு மான் அண்டை வீட்டுக்காரருக்கு மிக அருகில் வந்து நின்றதாம். பித்தளை மின்னவில்லை. விசையை அழுத்தியதும், குழலுக்கு வெளியே பொறி விழும் சிறு கிண்ணியில் இருந்த மருந்து மட்டும் பளீரென்று எரிந்து அணைய, குழலுக்குள் இருந்த மருந்து ஈரத்தால் பற்றவே இல்லை.