ஜன்னல் ஓரத்துத் தூசியும் இரண்டு முறை குத்திய ஊசியும்

பழைய வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். மகளுக்கு ஒன்றரை வயது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று வெளியே பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் அவள் உள்ளங்கை முழுக்க வெள்ளை மாவு. ஜன்னலைத் திறந்து மூடும்போது கதவும் சட்டமும் உரசுகிற இடத்தில் பெயிண்ட் பொடியாக உதிர்ந்து கிடந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று டாக்டர் ரத்தத்தில் ஈயப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லேபில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முடிவு, ஒரு டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம். 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “குத்துவதற்கு முன்னால் கையை சோப்பு போட்டுக் கழுவினார்களா?” இல்லை. பஞ்சால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். தோலில் ஒட்டிய தூசி ரத்தத்துளியோடு கலந்தால் அளவு கூடிக் காட்டுமாம். மறுபடி ரத்தநாளத்திலிருந்து எடுத்தோம். குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. 6 வந்தது. தயவுசெய்து, விரலில் எடுப்பதாக இருந்தால் நீங்களே நின்று குழந்தையின் கையைக் கழுவிவிடுங்கள்.

இதற்கிடையில் நான் இன்னொரு தவறு செய்திருந்தேன். ஈயம் பட்டால் நிறம் மாறும் சோதனைக் குச்சியை ஜன்னலில் தேய்த்தேன். நிறம் மாறவில்லை, நிம்மதியாகிவிட்டேன். பிறகுதான் பெயிண்டைக் கத்தியால் கீறிப் பார்த்தேன்: மேலே வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். குச்சி தொட்டது புதுப் பூச்சை மட்டும். அடிவரை கீறித் தேய்த்ததும் சிவந்தது.

அந்த நிம்மதியில்தான் பெயிண்டரையும் வரச் சொல்லியிருந்தேன். நான் வீடு திரும்புவதற்குள் ஒரு ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். தொட்டில் விரிப்பு வரை தூசி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், காய்ந்த பெயிண்டைத் தேய்க்கக் கூடாது என்று நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உடனே துடைப்பத்தை எடுத்தேன். நல்லவேளை, மனைவி கையைப் பிடித்துவிட்டாள். பெருக்கினால் தூசி மேலே எழும்பும். சாதாரண வேக்குவம் கிளீனரும் நுண்தூசியை மறுபடி வெளியே ஊதிவிடும். ஈரத்துணிதான் வழி. சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, அலச வேறு வாளி. துடைத்த துணியைத் துவைக்காமல் தூக்கிப் போட்டோம்.

மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. இந்த வேலை தெரிந்த ஒருவர் வந்து தரையில் பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டினார். அந்த நாட்களில் குழந்தையும் அம்மாவும் வீட்டில் இல்லை. பழைய குழாய்களிலும் ஈயம் இருக்கலாம், வெந்நீரில் அது அதிகம் கரையும் என்பதால் பால் கலக்க வெந்நீர்க் குழாயைத் தொடுவதில்லை. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தால் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தார்.

நேற்று மறுபரிசோதனை முடிவு வந்தது: 3. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, அதனால் ஈரத்துணி வாளி இன்னும் ஜன்னலடியிலேயே இருக்கிறது.