மெல்பர்னில் சிரிப்பு சீசன்

மார்ச் கடைசியில் மெல்பர்ன் சர்வதேச நகைச்சுவை விழா வந்தாலே ஸ்வான்ஸ்டன் தெருவில் நிம்மதியாக நடக்க முடியாது. டவுன் ஹால் வாசலில் நாலு பேராவது நோட்டீஸை நீட்டுவார்கள். நீட்டுவது பெரும்பாலும் நிகழ்ச்சி நடத்தும் கலைஞரே. அதனாலேயே மறுக்க மனசு வராது.

1987-இல் நகைச்சுவைக் கலைஞர்கள் பேரி ஹம்ப்ரீஸும் பீட்டர் குக்கும் விழாவைத் தொடங்கி வைத்தபோது மொத்தம் 56 நிகழ்ச்சிகள். இப்போது 600-ஐத் தாண்டிவிட்டது. எடின்பரோ, மொன்ட்ரியால் விழாக்களோடு சேர்த்துப் பேசுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது ‘ரா காமெடி’. விழாவில் புதுமுகங்களுக்கென்றே நடக்கும் போட்டி, ஆளுக்கு ஐந்தே நிமிடம். 2006-இல் அதில் ஜெயித்தவர் ஹானா காட்ஸ்பி. 2017-இல் விழாவின் பெரிய விருதே அவருக்கு. அப்போது அதன் பெயர் ‘பேரி விருது’. திருநர் பற்றி ஹம்ப்ரீஸ் பேசியது சர்ச்சையாகி, 2019-இல் பெயரை மாற்றிவிட்டார்கள். தொடங்கி வைத்தவர் பெயரையே எடுத்தார்கள்! சரிதான் என்பது என் கட்சி.

போன வருடம் ஒரு சின்ன அறையில் பார்வையாளர்கள் எங்களைச் சேர்த்து ஒன்பது பேர். முன்வரிசையில் உட்கார்ந்தது என் தப்பு. என் பெயரை உச்சரிக்கவே மேடையில் இருந்த மனுஷர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். இந்த முறை கடைசி வரிசைதான்.