ஸ்மித்ஃபீல்டுக்குப் போகும் வழியில்

இங்கிலாந்தில் கத்தோலிக்கரான முதலாம் மேரி அரசியின் காலத்தில், சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுள் முதலாவதாக எரிக்கப்பட்டவர் போதகர் ஜான் ரோஜர்ஸ். ஆன்ட்வெர்ப்பில் ஆங்கில வணிகர்களுக்குக் குருவாகச் சென்ற இடத்தில் வேதாகமத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துவந்த வில்லியம் டிண்டேலின் நட்பைப் பெற்ற அவர், 1536இல் டிண்டேல் கொல்லப்பட்டபின், அவருடைய மொழிபெயர்ப்பை, மற்றொரு மொழிபெயர்ப்பாளரான கவர்டேல் பெயர்த்த பகுதிகளோடு சேர்த்து, தாமஸ் மேத்யூ என்னும் புனைபெயரில் 1537இல் முழு வேதாகமமாக வெளிவரச் செய்தார். தம் பெயரை மறைத்து நண்பரின் உழைப்பைக் காத்த இச்செயலையே அவருடைய விசுவாசத்தின் முதல் சாட்சியாக நான் கருதுகிறேன்.

நியூகேட் சிறையில் ஓராண்டு அடைபட்டிருந்தவர், தீர்ப்புக்குப்பின் மனைவி அட்ரியானாவுடன் சிறிது பேச அனுமதி வேண்டினார். குருமார் திருமணத்தைத் திருமணமாகவே ஏற்காத ஆயர் ஸ்டீபன் கார்டினர் அதை மறுத்துவிட்டார். 1555 பிப்ரவரி 4 அன்று, எரிக்கப்படவிருந்த இடமான லண்டன் ஸ்மித்ஃபீல்டுக்கு நடத்திச் செல்லப்பட்ட வழியில்தான், கைக்குழந்தையுடன் நின்ற மனைவியையும் மற்றப் பிள்ளைகளையும் அவர் கண்டார். இந்த இடத்தை என்னால் ஒருபோதும் விரைந்து கடக்க முடிந்ததில்லை.

தம் விசுவாசத்தை மறுதலித்தால் மன்னிப்பு என்று எரிகம்பத்தருகிலும் சொன்னார்கள், அவர் இணங்கவில்லை. திருமணத்துக்கு அழைத்துச் செல்லப்படுபவரைப் போலத் தோன்றினார் என்று பிரெஞ்சுத் தூதர் நொவாய் எழுதினார்.