இருபது பேர்

2020 மே மாதம் காரைக்குடியில் அப்பத்தா தவறிப்போனார்கள். கொரோனா இல்லை, முதுமைதான். சாவு வீடென்றால் பங்காளிகள், சம்பந்தி வீட்டார் என்று வளவு நிறைந்து முகப்புத் திண்ணை வரை ஆள் நிற்கும். அன்று இருபது பேருக்கு மேல் கூடாது. பெரியப்பா பழைய கணக்கு நோட்டில் பெயர்களை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அறுபது வருடம் பழகிய பக்கத்து வீட்டு ஆச்சியின் பெயர் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்புறம் அதையும் அடித்தார்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் உண்மை, சாவுகளும் உண்மை. ஆனால் அப்போது அரசுகள் கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று, பம்பாய் பிளேக்குக்காக 1897-இல் வெள்ளைக்காரன் போட்டது. போட்டபோது மொத்தமே நாலு பிரிவு. நல்லெண்ணத்தில் செய்த எதற்கும் அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியாது என்று ஒரு பிரிவு. மக்களின் உரிமை பற்றி ஒரு வரி கிடையாது.

பழைய ராஜாவின் பலம் உயிரை எடுப்பதில் இருந்தது, நவீன அரசின் பலம் உயிரை நிர்வகிப்பதில் இருக்கிறது என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ. இறந்தவர்களைச் சடங்கில்லாமல் எரிக்க எப்படிச் சம்மதித்தோம் என்று 2020-இலேயே கேட்டார் இத்தாலியத் தத்துவவாதி ஜார்ஜோ அகம்பென். அவர் நோயைக் குறைத்து மதிப்பிட்டார், அதை நான் ஏற்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைத் தள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே.

அப்பத்தாவைத் தூக்கியபோது பக்கத்து வீட்டு ஆச்சி சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். தெரு திரும்பும் வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.