கென்னடியின் மூளை எங்கே?

நேற்று ராத்திரி நண்பனோடு மறுபடியும் அதே சண்டை. அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டுக் கொன்றது, கொலையாளி என்று பிடிபட்ட ஓஸ்வால்டு ஒருவன்தானா, இல்லையா? ஒருவன்தான் என்பது என் கட்சி. தோட்டா, துப்பாக்கி, ஆறாவது மாடி ஜன்னல் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் ஒரே வார்த்தை: "சரி, மூளையைக் காட்டு."

விளையாட்டில்லை. 1963 நவம்பரில் பிரேதப் பரிசோதனையில் எடுத்த மூளை, எஃகுப் பாத்திரத்தில் பத்திரமாக இருந்தது. 1966 அக்டோபரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடினால் காணோம்! தம்பி ராபர்ட் கென்னடியே அப்புறப்படுத்தியிருக்கலாம் என்று 1979இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு சொன்னது. அண்ணனின் உடல் பாகம் காட்சிப்பொருளாகிவிடுமோ என்ற பயமாம். எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. ஆனாலும் குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி ஏது?

பரிசோதனை செய்த கடற்படை மருத்துவர் ஹியூம்ஸ் கதை இன்னும் மோசம். ரத்தம் பட்ட குறிப்புத் தாள்களை வீட்டுக் கணப்பில் போட்டு எரித்துவிட்டார். முன்பு இதேபோல் சுட்டுக் கொல்லப்பட்ட அதிபர் லிங்கனின் ரத்தக்கறை படிந்ததாகச் சொல்லப்பட்ட நாற்காலியை அருங்காட்சியகத்தில் பார்த்து முகம் சுளித்தவர் அவர். தன் தாளும் அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தாராம். நல்ல மனசுதான் டாக்டர், ஆனால் இப்போது பதில் சொல்ல வேண்டியவன் நானல்லவா?

டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி கென்னடியின் உடலை, அவர் சுடப்பட்ட டல்லஸ் நகரிலேயே பரிசோதித்திருக்க வேண்டும். அந்த ஊர் மருத்துவ அதிகாரி ஏர்ல் ரோஸ் வழிமறித்தும் கேட்காமல் அதிபரின் ஆட்கள் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

கட்சி மாறவில்லை. ஆனால் டீக்காசு நேற்று நான்தான் கொடுத்தேன்.